கதவில் வரைந்த பறவைகள்: அப்பலேச்சிய மலைகளின் கரிப் படங்கள்

1908 செப்டம்பர். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். உள்ளே, ஒரு பெரிய மரக்கதவின் ஓரத்தில் 15 வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கரி ஏற்றிய தொட்டிவண்டி வரும்போது கதவைத் திறக்க வேண்டும். அது கடந்து போனதும் மூட வேண்டும். அவன் வேலை அவ்வளவுதான். அந்தக் கதவை மூட மறந்தால் சுரங்கத்தின் காற்றோட்டம் திசைமாறிவிடும். கரி வெட்டும் இடத்துக்கு நல்ல காற்று போகாது, மீத்தேன் வாயு தேங்கும், ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். நூற்றுக்கணக்கானவர்களின் உயிர் அந்தப் பையன் தூங்கிவிடாமல் இருப்பதைப் பொறுத்திருந்தது. அதற்கு நாளொன்றுக்குப் 10 மணி நேர வேலை, 75 சென்ட் கூலி.

இந்தக் காட்சியைப் படமாக எடுத்தவர் லூயிஸ் ஹைன். படத்துக்கு அவர் எழுதிய குறிப்பில் ஒரு செய்தி இருக்கிறது. சுரங்கத்துக்குள் இருந்த கடும் இருட்டில் கதவின் மேல் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடித் தகட்டைக் கழுவிய பிறகுதான் தெரிந்தது. கதவு முழுக்கச் சுண்ணக்கட்டியால் கிறுக்கிய எழுத்துகள், அவற்றோடு பறவைகள்.

இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தக் கதவில்தான் என் கண் போய் நிற்கிறது. ஒரு பறவையும் வராத இடத்தில், தன் விளக்கின் எட்டாத வெளிச்சத்தில், யாரோ ஒருவர் பறவை வரைந்திருக்கிறார். ஹைன் பறவைகளைத் தேடி அங்கே போகவில்லை. பிள்ளைகள் படும் பாட்டை நாட்டுக்குக் காட்டத்தான் போனார். அவர் நாடிப் போனதும் படத்தில் இருக்கிறது, நாடாததும் இருக்கிறது.

அப்பலேச்சியாவின் பழைய படங்களைப் பார்க்க உட்காரும்போதெல்லாம் இரண்டு கேள்விகளை நான் கூடவே வைத்துக்கொள்கிறேன். இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது யார்? அவர் கேட்காமலே இதில் விழுந்திருப்பது என்ன? முதல் கேள்வி தெரியாமல் பார்ப்பவர்களைப் படம் எளிதில் ஏமாற்றிவிடும். இரண்டாவது கேள்வி இல்லாவிட்டாலோ, படத்தில் நிற்கும் மனிதர்கள் யாரோ ஒருவருடைய வாதத்துக்குச் சாட்சிகளாக மட்டும் சுருங்கிப் போவார்கள்.

அப்பலேச்சிய மலைத்தொடர் தெற்கே அலபாமாவில் தொடங்கி வடக்கே கனடா வரை நீள்கிறது. கரிக்காகப் பெயர்பெற்ற நடுப்பகுதி மேற்கு வர்ஜீனியாவின் தெற்கு, கென்டக்கியின் கிழக்கு, வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலை ஆகியவை சேர்ந்தது. அங்கே கரி பெரும்பாலும் மலைக்குள் கிடைமட்டமான அடுக்காகக் கிடக்கிறது. ஓடைகள் மலையை அறுத்துச் சென்ற இடங்களில் அந்த அடுக்கு பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். ஆழமாகக் கிணறு தோண்ட வேண்டியதில்லை; மலையின் விலாவில் துளை போட்டு நேராக உள்ளே நடந்து போகலாம். அந்தப் பகுதியின் படங்களில் வானம் குறைவாக இருப்பதற்கும் இந்த நில அமைப்புதான் காரணம். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அதற்குள் ஓடை, தண்டவாளம், பாதை, ஒரே மாதிரி வீடுகளின் வரிசை ஆகிய நான்கும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். அவற்றுக்கு மேலே மலைச்சரிவில் கால் ஊன்றி நிற்கும் உயரமான மரக்கட்டடம்தான் 'டிப்பிள்'. தொட்டிவண்டியைக் கவிழ்த்து, கரியைச் சலித்து, பெருங்கட்டி, சிறுகட்டி, தூள் என்று பிரித்து, கீழே நிற்கும் ரயில் பெட்டிகளில் கொட்டும் இடம் அது.

கரி அங்கே இருப்பது வெகுகாலமாகவே தெரிந்திருந்தது. அதை வெளியே கொண்டுபோக வழி இல்லை. 1873இல் நியூ ரிவர் பள்ளத்தாக்கின் வழியாக ரயில் பாதை முடிந்தது. 1883இல் போகஹான்டஸ் கரிப்படுகையின் முதல் கரி ரயிலில் போனது. அதற்குள் வெளியூர் முதலாளிகளின் ஆட்கள் வீடு வீடாகப் போய், மேலே இருக்கும் நிலம் உங்களுக்கே, கீழே இருக்கும் கனிமம் மட்டும் எங்களுக்கு என்று மலிவு விலைக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். கென்டக்கியில் அந்தப் பத்திரங்களின் கொடுமை பின்னால்தான் தெரிந்தது. கனிமத்தை எடுக்க மேலே இருக்கும் நிலத்தை எப்படி வேண்டுமானாலும் கிளறலாம் என்று நீதிமன்றங்கள் அவற்றுக்குப் பொருள் சொல்லின. அதை மாற்ற மாநில மக்கள் 1988இல் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வாக்களிக்க வேண்டியிருந்தது.

ரயில் வந்தது. கரியும் மரமும் வெளியே போயின. கேமரா உள்ளே வந்தது.

முதலில் வந்தவற்றில் கம்பெனியின் கேமராவும் ஒன்று. கன்சாலிடேஷன் கோல் கம்பெனி 1911இல் கிழக்குக் கென்டக்கியின் காட்டுக்குள் ஜென்கின்ஸ் என்ற ஊரை ஒன்றுமில்லாத நிலத்திலிருந்து கட்டத் தொடங்கியது. ஊருக்குத் தன் இயக்குநர் ஒருவரின் பெயரையே சூட்டியது. கட்டக் கட்டப் படம் எடுத்தும் வைத்தது. அந்தத் தொகுப்பு இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிய வீடுகள், வேலிகள், தோட்டங்கள், பள்ளிக்கூடம், விபத்துத் தடுப்புப் பயிற்சி என்று எல்லாம் ஒழுங்காக, வெயிலில், நேராக நிற்கின்றன. பங்குதாரர்களுக்குப் பணம் பத்திரமாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். தூரத்தில் இருக்கும் தொழிலாளிக்கு இங்கே வந்தால் நல்ல வாழ்வு என்று காட்ட வேண்டும். இவற்றைப் பொய்ப் படங்கள் என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பள்ளிக்கூடம் உண்மையிலேயே இருந்தது, அதில் பிள்ளைகள் படித்தார்கள். எத்தனையோ சிறு கம்பெனிகளின் ஊர்களில் அதுகூட இல்லை.

ஆனால் படத்தில் இருக்கும் வீடு கம்பெனியுடையது. கடை கம்பெனியுடையது. மருத்துவரின் சம்பளம் தொழிலாளியின் கூலியிலிருந்து கம்பெனி பிடித்துக்கொடுப்பது. பல ஊர்களில் கூலியின் ஒரு பகுதியை நாணயமாகக் கொடுக்காமல் கம்பெனி அச்சிட்ட உலோக வில்லையாகக் கொடுத்தார்கள். அது கம்பெனிக் கடையில்தான் முழு மதிப்புக்குச் செல்லும். சம்பள நாளுக்கு முன்பே கடனாக வில்லை வாங்கிக் கடையில் செலவழித்துவிட்டு, சம்பள நாளில் கையில் ஒன்றும் நில்லாமல் திரும்பியவர்கள் ஏராளம். அழகாக வெள்ளையடித்த அந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட வேலைநிறுத்தம் செய்தாலே போதும். 1912-13இலும் 1920-22இலும் எடுத்த வேறு படங்களில் இப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்களை ஓடைக்கரைக் கூடாரங்களில் பார்க்கலாம். சங்கம் சேர்ந்ததற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்கள் மேற்கு வர்ஜீனியாவின் குளிர்காலத்தைத் துணிக்கூரையின் கீழ் கழித்தன. 1921 ஆகஸ்ட் இறுதியில் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். ராணுவம் வந்த பிறகு ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். அதற்கும் படங்கள் உண்டு. கம்பெனித் தொகுப்பையும் கூடாரப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான், வெள்ளை வேலி எதற்கு வேலி என்பது விளங்கும்.

படத்தில் தேதி இல்லாவிட்டால் தலையைப் பார்க்க வேண்டும். 1908இல் ஹைன் எடுத்த படங்களில் தொழிலாளிகள் அணிந்திருப்பது துணித்தொப்பி. அதன் முன்னே மாட்டியிருக்கும் விளக்கு மூக்கு வைத்த ஒரு குட்டிக் கெண்டி போலிருக்கும். உள்ளே எண்ணெய், மூக்கில் திரி. திறந்த தீயைத் தலையில் வைத்துக்கொண்டு, வாயு கசியும் இடத்துக்குப் போனார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கார்பைடு விளக்கு பரவியது. மேல் அறையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கார்பைடு கல்லின் மேல் விழுந்து வாயு எழும். அது வட்டமான பளபளத் தகட்டின் நடுவே எரியும். அதுவும் திறந்த தீதான். இடுப்பில் பேட்டரியும் முதுகு வழியே ஏறும் கம்பியும் தெரிந்தால் அது மின்விளக்குக் காலம். துணித்தொப்பி போய்க் கடினமான தலைக்கவசம் வருவதை 1930களின் படங்களில் பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கும் மேலாகத் தீயைத் தலையில் ஏந்தி இறங்கியவர்களின் முகங்கள் நம் முன் இருக்கின்றன.

தொட்டிவண்டியின் பக்கவாட்டில் தொங்கும் சின்னப் பித்தளை வில்லையையும் கவனிக்க வேண்டும். கூலி மணிக்கணக்கில் இல்லை, டன் கணக்கில். வெட்டி ஏற்றியவன் தன் எண் பொறித்த வில்லையை வண்டியில் மாட்டிவிடுவான். மேலே எடைபோடுபவர் அந்த எண்ணுக்கு வரவு வைப்பார். எடைபோடுபவர் கம்பெனியின் ஆள். அதனால்தான் 'எங்கள் ஆள் ஒருவர் தராசின் பக்கத்தில் நிற்க வேண்டும்' என்பது சங்கத்தின் மிகப் பழைய கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. கூரைக்கு முட்டுக்கொடுப்பது, தண்ணீரை இறைப்பது, கல்லைப் பொறுக்கி எறிவது எதற்கும் டன் கணக்கில் கூலி இல்லை. கூரை சரிந்து செத்தவர்கள் வெடிவிபத்தில் செத்தவர்களைவிட அதிகம். ஆனால் ஒருவர், இருவராகச் செத்தவர்களுக்குப் படக்காரர் வரமாட்டார். 1907 டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மொனோங்கா சுரங்க வெடிப்பில் அரசுக் கணக்குப்படி 362 பேர் மாண்டபோதுதான் கேமரா வந்தது. சவப்பெட்டிகளைப் படம் பிடித்தது. மாண்டவர்களில் பலர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள்.

ஹைன் மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தது அதற்கு 9 மாதம் கழித்து. அவருக்குச் சம்பளம் கொடுத்தது 1904இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு. பள்ளி ஆசிரியராக இருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். ஆலைகளுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் நுழைய, தீயணைப்பு ஆய்வாளர், அஞ்சலட்டை விற்பவர், பைபிள் விற்பவர் என்று ஏதாவது ஒரு வேடம் போட வேண்டியிருந்தது. பிள்ளையின் உயரத்தைத் தன் மேலங்கியின் பொத்தான்களோடு ஒப்பிட்டு மனத்தில் குறித்துக்கொள்வார். சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே காகிதத்தில் குறிப்பெழுதுவார். வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடியைக் கொளுத்துவார். வயது, கூலி, வேலை நேரம், ஊர் இவையெல்லாம் இல்லாத படம் வழக்குமன்றத்தில் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய படங்களின் பாதி வலிமை அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. இன்று இணையத்தில் அவை குறிப்பு கழற்றப்பட்டு, படம் மட்டும் தனியாகச் சுற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 5,000க்கும் மேற்பட்ட படங்கள் குறிப்போடு கிடைக்கின்றன. அங்கே போய்ப் பார்ப்பதுதான் நியாயம்.

அந்தப் படங்கள் உடனே வெல்லவில்லை. 1916இல் குழந்தை உழைப்பைத் தடுக்கும் மத்தியச் சட்டம் வந்தது. 1918இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நிலைத்து நிற்கும் சட்டம் வர 1938 ஆனது. பறவைக் கதவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் உயிரோடு இருந்திருந்தால் அப்போது அவனுக்கு வயது 45. ஹைன் 1940இல் வறுமையில், இருந்த வீட்டையும் கடனுக்கு இழந்த நிலையில் இறந்தார்.

கரியைப் பற்றிப் பேசும்போது மரம் பின்னால் போய்விடுகிறது. இரண்டும் ஒரே கதைதான். ஒவ்வொரு சுரங்கத்தின் கூரையையும் தாங்கி நின்றது மரம். தண்டவாளத்தின் கீழே மரம், டிப்பிள் மரம், வீடு மரம். 1870இல் மேற்கு வர்ஜீனியாவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் கோடரி படாத காடு இருந்தது. 1920களுக்குள் அதில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அரை நூற்றாண்டுதான். வெட்டு உச்சத்தைத் தொட்டது 1909இல்.

மலையுச்சிக் காடுகளுக்கு வழி திறந்தது ஷே எஞ்சின். மரம் வெட்டும் தொழில் செய்துவந்த எஃப்ரைம் ஷே 1881இல் காப்புரிமை பெற்ற நீராவி எஞ்சின் அது. சாதாரண ரயில் எஞ்சினில் சில சக்கரங்களே இழுக்கும். இதில் பக்கவாட்டில் ஓடும் தண்டும் பல்சக்கரங்களும் எல்லாச் சக்கரங்களையும் சுழற்றும். மெதுவாகத்தான் போகும், ஆனால் மற்ற எஞ்சின்கள் ஏற முடியாத சரிவில், அவசரமாகப் போட்ட கோணல் தண்டவாளத்தில் ஏறிவிடும். 1901இல் போகஹான்டஸ் மாவட்டத்தில் தொடங்கிய காஸ் என்ற ஊர் இந்த எஞ்சின்களால்தான் வாழ்ந்தது. மேலே இருந்த செந்நிற ஸ்ப்ரூஸ் மரங்களை இறக்கி, காகிதக் கூழுக்கும் பலகைக்கும் அனுப்பினார்கள். ஆலை 1960இல் மூடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அதே எஞ்சின்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அதே மலையில் ஏறத் தொடங்கின, இன்றும் ஏறுகின்றன.

மரவெட்டிகளின் படங்களில் ஒரு பெருமிதம் உண்டு. அது கரிப் படங்களில் குறைவு. வெட்டிச் சாய்த்த அடிமரத்தின் முன் பத்துப் பேர் நிற்பார்கள். வெட்டுவாயின் பிளவுக்குள் ஒருவர் படுத்திருப்பார். இருவர் இழுக்கும் நீண்ட ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்னொருவர். முகாம் வாசலில் சமையற்காரர் வெள்ளை மேலுடையோடு நடுவில் நிற்பார், அவருக்கு அவ்வளவு மதிப்பு. சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது என்பது பல முகாம்களில் கட்டளை. பேச்சு சண்டையாகிவிடும், நேரமும் போய்விடும். இந்தப் படங்களை எடுத்தவர்கள் பலர் ஊர் ஊராகச் சுற்றும் படக்காரர்கள். முகாமுக்கு வந்து எடுத்து, பிரதியை அந்த ஆட்களுக்கே விற்பார்கள். காசு கொடுத்தவன் தன் வலிமையைப் பார்க்க விரும்பினான். அது படத்தில் இருக்கிறது.

அவன் கேட்காதது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மொட்டை மலை. அடிக்கட்டைகள், நொறுங்கிய கிளைகள், காய்ந்த சருகு. எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி விழுந்தால் மலை முழுக்கப் பற்றிக்கொள்ளும். டாலி சாட்ஸ் என்ற மேட்டுநிலத்தில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இலைமக்கு மண்ணே எரிந்து, பாறை வெளியே வந்தது. மழையைப் பிடித்து வைக்க எதுவும் இல்லாததால் நீர் ஒரே மூச்சில் கீழே இறங்கியது. 1907இல் மொனோங்காகிலா ஆற்றில் வந்த பெருவெள்ளம் கீழே இருந்த நகரங்களை உலுக்கியது. ஆற்றின் தலைப்பகுதிக் காடுகளை அரசே விலைக்கு வாங்கிக் காக்க வழிசெய்த வீக்ஸ் சட்டம் 1911இல் வந்ததற்கு அந்த வெள்ளமும் ஒரு காரணம். 1920இல் அமைந்த மொனோங்காகிலா தேசியக் காடு பெரும்பகுதி இப்படி வெட்டி எரிந்த நிலத்தில் வளர்ந்ததுதான்.

1910 வாக்கில் தெற்கே ஸ்மோக்கி மலைகளில் எடுத்த செஸ்ட்நட் மரப் படங்களைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. மரத்தின் அளவைக் காட்டுவதற்காக அடியில் ஆட்களை நிற்கவைத்திருக்கிறார்கள். அவர்கள் பொம்மைகள் போலத் தெரிகிறார்கள். மரம் விற்பனைக்கு எவ்வளவு தேறும் என்று காட்டுவதுதான் நோக்கம். 1904இலேயே நியூயார்க்கில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் அது அப்பலேச்சியா முழுவதும் பரவி, கோடிக்கணக்கான செஸ்ட்நட் மரங்களைக் கொன்றது. மலைக்குடும்பங்கள் அதன் கொட்டையைத் தின்றன, பன்றிகளை அதை மேயவிட்டு வளர்த்தன, கூடைகூடையாகக் கடையில் கொடுத்து உப்பும் செருப்பும் வாங்கின. கம்பெனிக் கூலி இல்லாமலும் வாழ இருந்த வழிகளில் ஒன்று அந்த மரத்தோடு போயிற்று.

1935க்குப் பிறகு பணம் கொடுத்தது மத்திய அரசு. பெருமந்தக் காலத்தில் உழவர்களுக்கான நிவாரணத் துறை ஒன்றின் படப்பிரிவை ராய் ஸ்ட்ரைக்கர் நடத்தினார். எதை எடுக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்து அனுப்புவார்; பிடிக்காத நெகட்டிவில் துளை போட்டுவிடுவார். அந்தத் துளைகளோடே பல இன்றும் நூலகத்தில் இருக்கின்றன. வாக்கர் எவன்ஸும் பென் ஷானும் 1935இலும், மேரியன் போஸ்ட் வோல்காட் 1938இலும் மேற்கு வர்ஜீனியாவுக்கு வந்தார்கள். மூவரும் போன இடங்களில் ஒன்று மார்கன்டவுன் ஊருக்கு அருகில் உள்ள ஸ்காட்ஸ் ரன் பள்ளத்தாக்கு.

ஷானின் கேமராவில் பக்கவாட்டில் பார்க்கும் கண்ணாடி பொருத்தியிருந்தது. அவர் வேறு திசையில் பார்ப்பது போலிருக்கும், எதிரே இருப்பவரைப் படம் எடுப்பார். அவருடைய படங்களில் மனிதர்கள் தங்களுக்குள் இருக்கிறார்கள், கேமராவுக்காக முகத்தை ஒழுங்குபடுத்தவில்லை. இது நேர்மையா என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. எவன்ஸ் எதிர்த்திசையில் போனார். ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக்குள் நேராக நின்று சுவரை எடுத்தார். குளிருக்காகவும் அழகுக்காகவும் சுவரில் விளம்பர அட்டைகள். அவற்றில் குளிர்பானம் விற்கும் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா சிரித்துக்கொண்டிருக்கிறார். முன்னே ஒரு மர நாற்காலி. ஏழ்மையைக் காட்டும் படம் என்று அதைத் துறை எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் முதலில் தெரிவது, கிடைத்த அட்டையைக் கோணாமல் ஒட்டிய ஒரு கை.

வோல்காட்டின் படம் ஒன்றில், பர்ஸ்குளோவ் என்ற இடத்தில், சுரங்கத் தொழிலாளியின் குழந்தை விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறது. பின்னணியில் கம்பெனி வீடுகளும் டிப்பிளும். அந்தப் பள்ளத்தாக்கின் கரி நகரங்களுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தது. அதை வெட்டியவரின் வீட்டில் எரிந்தது மண்ணெண்ணெய். வோல்காட் இதற்கு மேல் எந்த விளக்கமும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இந்தப் படங்கள் எடுக்கப்படுவதற்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்குக்காக ஒரு காரியம் தொடங்கியிருந்தது. அது முழு நியாயமாக நடக்கவில்லை. 1933இல் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் ஸ்காட்ஸ் ரன்னுக்கு வந்து பார்த்த பிறகு, அங்குள்ள குடும்பங்களுக்காக ஆர்தர்டேல் என்ற புதிய குடியிருப்பை அரசு கட்டியது. ஸ்காட்ஸ் ரன்னில் கறுப்பர்கள் இருந்தார்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். படங்களில் எல்லாரும் இருக்கிறார்கள். ஆர்தர்டேலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உள்நாட்டில் பிறந்த வெள்ளையர்கள். அப்பலேச்சியா என்றால் வெள்ளை மலைவாசிகள் மட்டும் என்ற நினைப்பு இன்றும் பரவலாக இருக்கிறது. அலபாமாவிலிருந்து வந்த கறுப்பர்களும் ஹங்கேரியர்களும் இத்தாலியர்களும் ஒரே சுரங்கத்தில் இறங்கியதற்குப் படங்களே சான்று. மவுண்ட் ஹோப் ஊரைச் சேர்ந்த ரூஃபஸ் ரிப்பிள் என்ற படக்காரர் சுழலும் கேமராவால் எடுத்த நீண்ட படங்களில் அதைப் பார்க்கலாம். சுரங்க வாயிலின் முன் ஒரு வேலைநேரத்து ஆட்கள் அனைவரும் நிற்கிறார்கள், கையில் தூக்குப் பாத்திரம். அந்தப் பாத்திரத்தின் அடித்தட்டில் தண்ணீர், மேல்தட்டில் சாப்பாடு.

என் கணிப்பில் இந்த வரலாற்றிலேயே மிகப் பயன்பட்ட படங்கள் ரஸ்ஸல் லீ எடுத்தவை, ஆனால் நெடுங்காலம் அவற்றை அதிகம் பேர் பார்க்கவில்லை. 1946 வசந்தத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் லூயிஸ் நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தினார். அதிபர் ட்ரூமன் சுரங்கங்களை அரசின் கைக்குள் எடுத்தார். மே 29 அன்று உடன்பாடு ஆயிற்று. ஒரு டன்னுக்கு 5 சென்ட் தொழிலாளர் நலநிதிக்குப் போக வேண்டும். கரி ஊர்களின் வீடு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவம் ஆகியவற்றை அரசு ஆய்வுசெய்ய வேண்டும். கடற்படை மருத்துவ அதிகாரி ஜோயல் பூன் தலைமையில் குழு கிளம்பியது. லீ அதனோடு 13 மாநிலங்களில் சுற்றி ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தார்.

ஓடைக்கு மேலே கட்டிய கழிப்பறை, தூரத்துக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கும் பெண், வேலை முடிந்து முகம் கறுத்து நிற்பவர் என்று ஆய்வு கேட்டதெல்லாம் இருக்கிறது. ஆனால் லீ அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமைக் கடைத்தெரு, தேவாலயம், சமையலறை, பிள்ளைகளின் விளையாட்டு, சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போனார். ஒரு குடும்பத்தைப் பார்த்தால் அந்த வீட்டின் வாடகை, குடும்பத்தலைவர் எத்தனை ஆண்டுகள் சுரங்கத்தில் இருந்தார் என்று குறித்தார். ஃப்ளாஷ் பல்பின் முழு வெளிச்சத்தில் அறையின் ஒவ்வொரு மூலையும் தெரிகிறது, ஆட்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். 1947இல் வெளிவந்த அறிக்கை கரி ஊர்களின் சுகாதாரக் கேட்டை மறுக்க முடியாதபடி பதிந்தது. டன்னுக்கு 5 சென்ட் என்று தொடங்கிய நிதியிலிருந்து 1956 வாக்கில் கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மூன்றிலும் சேர்த்து 10 மருத்துவமனைகள் எழுந்தன. அதற்குள் இயந்திரங்கள் வந்து ஆட்களைக் குறைத்துவிட்டன. லட்சக்கணக்கானோர் டெட்ராய்ட், சிகாகோ, ஒஹையோ என்று கிளம்பிப் போனார்கள். நிதி வற்றியது, மருத்துவமனைகள் சில ஆண்டுகளிலேயே கைமாறின. லீயின் படங்கள் 2024இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் பெரிய கண்காட்சியாக வைக்கப்பட்டன.

1964 ஏப்ரலில் அதிபர் ஜான்சன் கென்டக்கியின் ஐனெஸ் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வறுமையின் மேல் போர் என்று பேசினார். அந்தப் படம் நாடெங்கும் போனது. பின்னாலேயே கேமராக்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. எல்லாருக்கும் திண்ணை வேண்டும், அழுக்கு முகம் வேண்டும், செருப்பில்லாத பிள்ளை வேண்டும். படத்தைத் தொலைக்காட்சியில் தாங்களே பார்க்க நேர்ந்த மலைமக்கள் கூசிப்போனார்கள். 1967 செப்டம்பரில் லெட்சர் மாவட்டத்தில், வாடகை வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கனடாவிலிருந்து வந்த ஹியூ ஓகானரின் குழு படம் பிடித்துக்கொண்டிருந்தது. நிலத்தின் உரிமையாளர் துப்பாக்கியோடு வந்தார், வெளியேறச் சொன்னார், சுட்டார். ஓகானர் அங்கேயே இறந்தார். முதல் விசாரணையில் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1969இல் உரிமையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், பத்தாண்டுத் தண்டனை பெற்றார், ஓராண்டில் வெளியே வந்தார். ஊரில் பலர் அவர் பக்கம் நின்றார்கள்.

கொலைக்கு நியாயம் கிடையாது. ஓகானர் நல்லெண்ணத்தோடு வந்தவர், படம் எடுக்க அந்தத் தொழிலாளியின் இசைவையும் கேட்டவர். ஆனால் ஊர் எதற்காகக் கொலைகாரருக்கு இரங்கியது என்பதை, அதற்கு முன் அறுபது ஆண்டுகளாக வந்துபோன கேமராக்களைத் தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. கம்பெனிக்காக, சீர்திருத்தத்துக்காக, அரசுக்காக, தொலைக்காட்சிக்காக என்று ஒவ்வொருவரும் வந்து எடுத்துப் போனார்கள். ஹைன், லீ போன்ற சிலரைத் தவிர, எடுத்ததற்கு ஈடாக ஊருக்கு எதுவும் திரும்பி வந்ததாக மக்கள் உணரவில்லை. கரியையும் மரத்தையும் எடுத்துப் போனவர்களைப் பார்த்த கண்கள்தான் இவர்களையும் பார்த்தன.

அதே லெட்சர் மாவட்டத்தில், வைட்ஸ்பர்க் ஊரில், 1969இல் ஆப்பல்ஷாப் தொடங்கியது. உள்ளூர் இளைஞர்களுக்குத் திரைப்படக் கலை கற்றுத்தர அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்தில் பிறந்த பட்டறை அது. வெளியார் எடுத்த படத்தில் வந்த பிள்ளைகள் தாங்களே கேமராவைப் பிடித்தார்கள். பழைய படங்களையும் திரட்டிச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்தவற்றில் ஒன்று வில்லியம் முல்லின்ஸ் என்பவரின் தொகுப்பு. ஊரார் அவரைப் 'படக்காரர் முல்லின்ஸ்' என்றே அழைத்தார்கள். 1935 முதல் இருபது ஆண்டுகள் கிழக்குக் கென்டக்கியிலும் தென்மேற்கு வர்ஜீனியாவிலும் சுற்றி, கேட்டவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர். அவருடைய படங்களில் பணம் கொடுத்தவரும் படத்தில் நிற்பவரும் ஒருவரே. இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு அவர்கள் நிற்கிறார்கள். மற்ற தொகுப்புகளில் அந்தக் காலத்து ஜென்கின்ஸையும் ஸ்காட்ஸ் ரன்னையும் பார்த்துவிட்டு இங்கே வந்தால், சிரிக்கும் முகங்கள் எத்தனை என்பதே முதலில் கண்ணில் படுகிறது.

2022 ஜூலை 28 அதிகாலையில் கென்டக்கி ஆற்றின் வடகிளை பெருகி வைட்ஸ்பர்க்குக்குள் வந்தது. கிழக்குக் கென்டக்கியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆப்பல்ஷாப் கட்டடத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. ஆவண அறை முழுவதும் தண்ணீர். பிலிமின் மேல் படத்தைத் தாங்கியிருப்பது மெல்லிய ஜெலட்டின் படலம். நனைந்தால் ஊதும், பிறகு நழுவும். உலர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாமல் போகும். பிலிம் சுருள்களையும் நெகட்டிவ்களையும் சேற்றிலிருந்து கையால் பொறுக்கினார்கள். மேற்கொண்டு கெடாமலிருக்க அவற்றை உறையவைத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக உறைவு நீக்கி, கழுவி, காயவைத்து, யாருடைய முகம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கும் வேலை தொடங்கியது. அது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை.